பத்தொன்பது பச்சைப் புள்ளிகள்

சுருளி வேலப்பர் துணை
கம்பம், 7.7.2024

அன்புள்ள கொழுந்தனார் நாகராஜுக்கு மதினி அன்னத்தாய் எழுதுவது. இங்கே என் இடது கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே உன் சுகத்தை எழுது.

மூன்றாம் வகுப்போடு நின்றவளைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். ஏலத்தோட்டத்தில் டவர் கிடையாது. நீயோ மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாய். பெங்களூர் கம்பெனி உன்னை வீட்டுக்கு அனுப்பியது ஊருக்குத் தெரிந்து ஆறு மாதம் ஆகிறது தம்பி. ஊர் அதைப் பேசி முடித்து வேறு கதைக்குப் போய்விட்டது. வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஊன்றுகோல் இருக்கிறது. அதுவரை என் கடிதம் ஒச்சாண்டி ஜீப்பில், டிரைவர் சீட்டுக்கு அடியில் வரும்.

நான் வழுக்கி விழுந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தாலும் என் ஆட்கள் பத்தொன்பது பேரும் அவர்களில் மூத்த சுருளியம்மாள் அக்கா தலைமையில் தினமும் உன் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்க வருகிறார்கள். பதினாறு வருஷமாக அவர்களை விடியலில் கூட்டி ஏற்றிச் சாயங்காலம் எண்ணி இறக்கியவள், இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு கதை கேட்கிறேன். உன் கதைதான் நிறைய வருகிறது.

"ஒங்க கொழுந்தன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்தது உக்காந்தபடி இருக்காக. எந்திரிச்சா மரத்து மேல ஏறிப் பெட்டி கட்டுறாக" என்கிறாள் சுருளியக்கா. என்ன பாஷையில் எழுதுகிறாய் என்று நம் ஆட்களில் ஒருத்தியான சிம்ரன் கேட்டதற்கு ரஸ்ட் என்றாயாம். அப்படியென்றால் துரு என்று அவள் சொன்னாள். ஏன் தம்பி, நல்ல இரும்பு கிடைக்கவில்லையா?

உன் அண்ணன் திராட்சைக்கு மருந்தடிக்கப் போயிருக்கிறார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு, ஒற்றைக் காலில் நிற்கும்
மதினி

*

எஸ்டேட், 2.8.2024

மதினிக்கு நாகராஜின் வணக்கம். நான் நலம். உங்கள் கால் தேறச் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் சொல்வதை நீங்கள் கேட்டுக்கொள்ளவும்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் அந்தத் துருதான்.

இங்கே யானை இறங்கினால் வாட்சர் பிளாக் பிளாக்காக ஓடி விசிலடித்துச் சொல்கிறார். ஏழாம் பிளாக்குக்கு அவர் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகும். சில நாள் யானை அவருக்கு முன்னால் போய்விடுகிறது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் எஸ்டேட்டுக்குள் செய்தி போக வழி உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டர் நடுவில் இருக்கும். மரங்களில் கட்டிய வைஃபை பெட்டிகள் வழியாக எல்லார் போனும் அதோடு பேசும். ஒருவர் ஒரு வரி எழுதினால் கம்ப்யூட்டர் அதைப் படியெடுத்து, அந்த நொடியே மற்ற எல்லாருக்கும் தள்ளிவிடும். இவ்வளவுதான் சாட்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் மிகப் பழசு. கனமான புரோகிராம் ஏற்றினால் படுத்துவிடும். ரஸ்டில் எழுதினால் கொஞ்ச இடத்தில் வேகமாக ஓடும். ஆனால் எழுதியதைச் சரிபார்த்து ஓட்டத்துக்குத் தயார் செய்கிற கம்பைலர் மகா கண்டிப்பு. ஒரு பொருளுக்கு ஒரு சொந்தக்காரர்தான். இரவல் கொடுத்தால் யார் கையில் இருக்கிறது, எதுவரைக்கும் இருக்கும் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் ஓட விடாது. முதல் இரண்டு வாரம் திட்டு வாங்கியதுதான் வேலை. அப்புறம் ஒரு போன் செய்தியை மெதுவாக வாங்கினால் மற்ற பதினெட்டும் காத்துக் கிடந்தன. ஆளுக்கொரு வரிசை தனித்தனியாக வைத்து அதைத் தீர்த்தேன்.

இப்போது ஓடுகிறது. பத்து நொடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் ஒவ்வொரு போனையும் 'இருக்கிறாயா' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று பதில் வந்தால் அந்தப் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரியும். நேற்று காலையிலிருந்து மாலைவரை பத்தொன்பதும் பச்சை. மேனேஜர் சார் வந்து பார்த்துவிட்டு "கொள்ளாம்" என்றார். அந்த மலையாளி வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல சொல் வந்து யாரும் கேட்டதில்லையாம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

நாகராஜ்

*

கம்பம், 11.8.2024

கொள்ளாம் வாங்கிய கொழுந்தனாருக்கு மதினி ஆசீர்வாதம். கட்டை மாற்றிப் புதுக் கட்டுப் போட்டிருக்கிறது. அரிப்பைத் தவிர ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை ஜீப் ஸ்டாண்டுக்கு, ஒரு தடவை உன் அண்ணனுக்கு. அவர் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் அவனே செஞ்சானா?" என்றார். இந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

அந்தக் கம்பைலரை எனக்குப் பிடித்துப்போனது. என் தோசைக்கல்லை நம்மோடு காய் எடுக்க வருகிற எப்சிபா இரவல் வாங்கி, அவளிடமிருந்து அவள் நாத்தனார் வாங்கி, ஒன்றரை வருஷம் அது எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் கிடந்தது. அப்போது இப்படி ஒரு ஆள் தெருவில் இருந்திருக்க வேண்டும். தப்பு வெளியே போகுமுன் உன்னை உட்கார வைத்துத் திட்டுகிறதே, உனக்கு நான் பெண் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை போலிருக்கிறது.

விளையாட்டுக்குச் சொன்னேன். டவரே இல்லாத மலையில் பேச்சை நடக்க விட்டிருக்கிறாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் வேலைக்கு நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள். இந்த மழையில் போன் நனைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சுருளியக்காளிடம் சொல்லிவிட்டேன்: "ஷெட்டுக்குப் போனதும் போனையெல்லாம் மூணு கவர்ல சுத்திச் சாப்பாட்டுப் பையில போட்டு, உத்தரத்துல தொங்கவிட்டுட்டுத்தான் செடிக்குப் போகணும், ஆமா." அன்றிலிருந்து ஒரு போன்கூடக் கெடவில்லை. உன் பச்சைப் புள்ளியில் பாதி என் புள்ளி.

வேளைக்குச் சாப்பிடு.

மதினி

*

எஸ்டேட், 5.9.2024

மதினிக்கு வணக்கம். நலம். உங்கள் நலம் அறிய வேண்டும்.

இங்கே மழை அதிகம். சாட் புரோகிராமை ரிப்பேருக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். சுருளியம்மாள் அக்காவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். பார்த்துக்கொள்ளவும். வேறு ஒன்றும் இல்லை.

நாகராஜ்

*

கம்பம், 10.9.2024

அன்புள்ள தம்பிக்கு மதினி. இங்கே எல்லாரும் சுகம். ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறேன். தெருநாய் என்னைப் பார்த்துப் பயப்படுகிறது.

நீ ஐந்து வரி எழுதியிருக்கிறாய். மின்சார வாரியம்கூட இதைவிட அதிகமாக எழுதும்.

சுருளியக்காளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. எங்கேக்கா நனைந்தாய் என்று கேட்டேன். மழையில் என்றாள். மழையில்தான் நனைய முடியும் என்று நானும் விட்டுவிட்டேன். சிம்ரன் என்னைப் பார்க்க வந்தவள் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனாள். ஒச்சாண்டி வாசலில் நின்றபடியே கடிதத்தை வாங்கிக்கொள்கிறான். என் வீட்டுக் காப்பி ஒரே வாரத்தில் இத்தனை பேருக்குப் பிடிக்காமல் போனது ஆச்சரியம்தான்.

ரிப்பேர் எப்படி இருக்கிறது? வேறு விசேஷம் இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

மதினி

*

கம்பம், 29.9.2024

தம்பி நாகராஜுக்கு,

பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று ஒச்சாண்டி சொல்கிறான். சாப்பாடு குறைந்துவிட்டது என்றும் சொல்கிறான்.

நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். ஆகஸ்ட் கடைசி வியாழக்கிழமை நடந்தது எனக்கு அன்று சாயங்காலமே தெரியும். ஒச்சாண்டி வயிற்றில் ஒரு சேதி கம்பம் மெட்டு இறங்கும்வரை தங்கினாலே அதிசயம். ஏழாம் பிளாக்கில் மூன்று யானை இறங்கியது, நீ செய்தி அனுப்பியது, போன்களெல்லாம் ஷெட்டில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டது, கீழே ஓடைப்பக்கம் சுருளியக்காளும் சிம்ரனும் இன்னும் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமல் காய் எடுத்துக்கொண்டிருந்தது, பிறகு பாறை மேல் ஏறி இரண்டு மணி நேரம் மழையில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் தெரியும்.

நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. நீ எழுதினால் நானும் எழுத வேண்டிவருமே என்று பயந்திருந்தேன். போனைத் தொங்கவிடச் சொன்னது யார்? உன் புள்ளியில் பாதி என் புள்ளி என்று பெருமை அடித்தது யார்? ஒரு மாதமாகக் கட்டிலில் படுத்து அந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதிவிட்டேன். இனி நீ எழுது.

மதினி

*

எஸ்டேட், 3.10.2024

மதினிக்கு நாகராஜின் வணக்கம்.

உங்களுக்கு ஒச்சாண்டி அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதை அவர் பார்க்கவில்லை.

யானை இறங்கியது என்று தகவல் வந்ததும் வாட்சர் விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குள் நான் செய்தி அனுப்பிவிட்டேன். "எல்லாருக்கும் கிட்டியோ?" என்று மேனேஜர் கேட்டார். "பத்தொன்பதும் போய்ச் சேர்ந்துவிட்டது சார்" என்றேன். வாட்சரைப் பார்த்து, "வேண்டாம்ணே, மழைல எதுக்கு ஓடுறீக, எல்லாம் பச்சை" என்று உட்கார வைத்தேன். அவர் உட்கார்ந்து டீ குடித்தார். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

பதினைந்து பேர் காய் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தார்கள், அதுவும் பக்கத்து பிளாக்கில் யானை கத்தியதைக் கேட்டு. நான்கு பேரைக் காணோம். திரையில் நான்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. பத்து நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று பதில் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பதிலை எழுதியவன் நான்.

போனைத் தொங்கவிடச் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இது உங்கள் தப்பு இல்லை. கம்பைலர் என்னென்னவோ தப்பைப் பிடித்தது, இதைப் பிடிக்கவில்லை. போன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஆள் இருக்கிறார் என்று நான் எழுதியிருந்தேன்.

அன்றே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். பெங்களூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. இருபதாம் தேதி போகலாம் என்று இருக்கிறேன். சுருளியம்மாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை ஷெட்வரை போனேன். வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

நாகராஜ்

*

கம்பம், 8.10.2024

அன்புள்ள தம்பிக்கு மதினி எழுதுவது. எல்லாரும் சுகம். ஊன்றுகோலை ஒரு கைக்குக் குறைத்துவிட்டார்கள், மறு கை உனக்கு எழுதக் காலியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்களையெல்லாம் வீட்டுக்கு வரச் சொல்லி உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். டீ ஊற்றிக் கொடுத்ததைக்கூட விடாமல் கடைசிவரை படித்தேன்.  சுருளியக்காதான் ஆரம்பித்தாள்.

"ஏன்டி அன்னம், பாறை மேல ரெண்டு மணி நேரம் உக்காந்தது நானு. எனக்கில்ல கோவம் வரணும்? அவுக எதுக்குக் கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போறாக?"

"அவுக கோவிக்கலக்கா, வெக்கப்படுறாக" என்றாள் சிம்ரன்.

"வெக்கப்படட்டும். வெக்கப்பட்டுக்கிட்டே அந்தப் பெட்டியச் சரிபண்ணட்டும்."

சிம்ரன் இன்னொன்றும் சொன்னாள்: "ஓடை எரைச்சல்ல விசில் ஊதியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. போன வருசமும் கேக்கல. அன்னைக்கு யானை வேற பக்கமாப் போச்சு, அம்புட்டுத்தான்."

எப்சிபா நடைமுறைக்காரி. "போனைக் கழுத்துல மாட்டிக்கிறோம். ஆனா மண்ணும் ஈரமுமா இருக்க கையோட அந்தக் கண்ணாடியத் தொட்டா, அது நம்மள மதிக்கவே மாட்டேங்குதே. அதுக்கு ஒரு வழி கேளு" என்றாள்.

நான் எண்ணுகிற விதத்தை உனக்குச் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் எப்சிபாவின் பையை ஜீப்பில் பார்த்து, ஆள் ஏறிவிட்டாள் என்று வண்டியை எடுக்கச் சொன்னேன். பை ஜீப்பில், ஆள் ஸ்டோரில். பாதி மலை இறங்கித் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து பெயரைக் கூப்பிடுவேன். பெயருக்கு உரியவள் தன் வாயால் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அவளுக்காகப் பக்கத்தில் இருப்பவள் சொன்னால் அதைச் சேர்க்க மாட்டேன். குரல் வராவிட்டால் ஜீப் நகராது, ஆள் தேடிப் போகும். ஒச்சாண்டி திட்டுவான், திட்டட்டும். இவ்வளவு தெரிந்த நான்தான் போனைத் தொங்கவிடச் சொன்னேன். படித்த உனக்கும் படிக்காத எனக்கும் ஒரே இடத்தில் புத்தி போயிருக்கிறது. இதில் நீ மட்டும் வெட்கப்பட்டால் எனக்கு என்ன மரியாதை?

பெங்களூர் போவதும் போகாததும் உன் இஷ்டம். எப்சிபா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போ.

மதினி

*

எஸ்டேட், 17.11.2024

மதினிக்கு நாகராஜின் வணக்கம். நலம். தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் ஊட்டிய அதிரசத்தின் பலன் இன்னும் இடுப்பில் இருக்கிறது. யாரும் பெங்களூரைப் பற்றிக் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

எப்சிபா அக்காவுக்குப் பதில்: இனிமேல் கண்ணாடியைத் தொட வேண்டாம். போனின் பக்கவாட்டில் சத்தம் கூட்டுகிற பொத்தானை அமுக்கினால் போதும். ஈரக் கைக்கும் அது மதிப்புக் கொடுக்கும்.

பச்சைப் புள்ளிக்கு இப்போது வேறு அர்த்தம். செய்தி போனதும் எல்லாப் பெயரும் சாம்பல் நிறமாகிவிடும். ஆள் தன் கையால் பொத்தானை அமுக்கினால்தான் பச்சை. மூன்று நிமிஷத்தில் பச்சையாகாத பெயர் சிவந்து மணி அடிக்கும், வாட்சர் அந்த இடத்துக்கு ஓடுவார். விசில் அவர் கையிலேயே இருக்கிறது. ஓடைப்பக்கம் மரத்தில் இன்னொரு பெட்டி கட்டினேன். தினமும் பன்னிரண்டு மணிக்கு ஒரு பயிற்சி அழைப்பு, நீங்கள் சாயங்காலம் பெயர் கூப்பிடுகிற மாதிரி.

போன திங்கட்கிழமை மறுபடி யானை. இரண்டு நிமிஷத்தில் பதினெட்டுப் பச்சை. சிம்ரன் மட்டும் சாம்பல், அப்புறம் சிவப்பு. வாட்சர் ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். சார்ஜ் இறங்கிய போனைத் தட்டிக்கொண்டே எதிரே வந்துகொண்டிருந்தாள். "பச்சை ஆகலையாண்ணே?" என்று கேட்டாள். பத்தொன்பது பேரும் ஸ்டோருக்குள் வந்த பிறகு சுருளியம்மாள் அக்கா எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

பெங்களூர்க்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாகராஜ்

*

கம்பம், 10.12.2024

கோபக்காரக் கொழுந்தனாருக்கு மதினி. கால் சுகம். மற்றதை நீதான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு நீ என்னிடம் பேசாமல் திரும்பிப் போய்விட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை நானே ஜீப்பில் வருவேன், ஆனாலும் நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

ஐந்தரை மாதத்துக்குப் பிறகு முதல் நாள் மலை ஏறியிருக்கிறேன். இருபதாவது பெயராக என் பெயரைச் சேர்த்துக் கழுத்தில் போனை மாட்டிவிட்டாய். பன்னிரண்டு மணிக்கு அது அதிர்ந்தது. சுற்றிலும் எல்லாரும் அமுக்கினார்கள். நான் அமுக்கவில்லை. பாறை மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். சுருளியக்கா, "ஏய், அமுக்குடி, வாட்சர் வரப் போறாக" என்றாள். வரட்டும் என்றேன். வாட்சரை ஓட வைத்துப் பார்க்கலாம் என்ற குறும்புதான்.

வந்தது வாட்சர் இல்லை. ஏலச்செடியை முறித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பு இல்லாமல், "மதினி, மதினி" என்று கத்திக்கொண்டு நீ வந்தாய். வாட்சர் உனக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில் வந்தார். நான் ஆரஞ்சுச் சுளையோடு "இங்கனதான்டா இருக்கேன்" என்றேன். நீ நின்றாய். மூச்சு வாங்கினாய். என் காலைப் பார்த்தாய், முகத்தைப் பார்த்தாய், திரும்பிப் போய்விட்டாய்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "தப்பு" என்றார். தப்புத்தான் தம்பி. பாதுகாப்புக்கு வைத்த மணியில் விளையாடியிருக்கக் கூடாது.

குறும்பு என்று எழுதினேன், அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. பதினாறு வருஷம் நான் எல்லார் பெயரையும் கூப்பிட்டேன். என் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. எண்ணுகிறவளை எண்ண ஆள் கிடையாது. ஜூன் மாதம் நான் விழுந்த அன்று எல்லாரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னும் பெயர் கூப்பிடவில்லையே என்று யாருக்கோ தோன்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர்கள் மேல் குற்றம் இல்லை, வழக்கம் அப்படி. அந்த முக்கால் மணி நேரம் நான் செடிக்கடியில் கிடந்து, நம் பெயரைக் கூப்பிட ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். போன் அதிர்ந்ததிலிருந்து மூன்று நிமிஷமும் எட்டு எண்ணுகிற நேரமும்தான், மணி அடிக்குமுன்பே நீ ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். உன் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ கட்டியதைவிட நல்லதாக ஒன்றை இந்த மலையில் யாரும் கட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

மன்னித்துக்கொள். உன் செருப்பு எங்களிடம் இருக்கிறது, நாளை கொண்டுவருகிறேன்.

மதினி

*

எஸ்டேட், 11.12.2024

மதினிக்கு நாகராஜின் வணக்கம். நலம். செருப்பு வந்து சேர்ந்தது.

நீங்கள் ஐம்பது அடி தள்ளி ஷெட்டில்தான் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் நேரில் சொல்ல வரவில்லை, அதனால் ஒச்சாண்டி அண்ணன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

ஜூன் மாதத்து முக்கால் மணி நேரத்தைப் பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. நேற்று முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இன்று காலை கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போய்ப் புரோகிராமில் ஒரு வரி மாற்றினேன்.

மற்ற பத்தொன்பது பேருக்கும் பதில் சொல்ல மூன்று நிமிஷம். உங்களுக்கு ஒரு நிமிஷம்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவேன்.

நாகராஜ்